தாபோ: ஆயிரம் வருஷத்து மண் சுவருக்குள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிற பலரை இழுப்பது ஒரே ஒரு படம்தான். குன்றின் மேல் அடுக்கடுக்காக வெள்ளைக் கட்டடங்கள், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பிரிந்து பிரிந்து ஓடும் ஆறு. அது கீ என்ற பௌத்த மடம். அதைப் பார்க்கப் போகிற வழியில் தாபோ என்ற ஊரின் பழைய மடத்தில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துகிறார்கள். வெளியில் நின்று பார்த்தால் தாபோவில் படம் எடுக்க எதுவும் இல்லை. மண் நிறத்தில், தட்டையான கூரையோடு சில கட்டடங்கள், இடையிடையே மண் ஸ்தூபிகள், சுற்றி ஒரு மதில். உள்ளே இருட்டு. புகைப்படம் எடுக்கவும் அனுமதி கிடையாது. அதனால் ‘பார்த்தாச்சு’ என்று வண்டியில் ஏறி ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவுக்குப் போய்விடுகிறார்கள்.

நானும் என் மனைவியும் அக்காவும் போனபோது, தாபோவைத்தான் பயணத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டோம். மற்ற ஊர்கள் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும். திரும்பி வந்த பிறகு யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: ஸ்பிதியில் ஒரு மடத்துக்கு மட்டும் முழு நேரம் கொடுக்க முடியும் என்றால் அதைத் தாபோவுக்குக் கொடுங்கள். இரண்டு ராத்திரியாவது அந்த ஊரில் தங்குங்கள். கோயிலுக்குள் ஒரு தடவைக்கு மேல் போங்கள்.

முதலில் வழியைப் பற்றி. ஸ்பிதிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ரோடு இருக்கிறது. மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகப் போய், குன்சும் கணவாயைத் தாண்டி காஸாவில் இறங்குவது குறுக்கு வழி. சிம்லாவிலிருந்து ராம்பூர், கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது நீளமான வழி. ஏற்பாடு செய்து தருகிறவர்கள் நாள் மிச்சம் என்று முதல் வழியைத்தான் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் கிளம்பி, 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் கணவாயைக் கடந்து, அன்று ராத்திரியே 3,600 மீட்டருக்கு மேலான காஸாவில் படுக்க வேண்டும். உடம்புக்குப் பழக ஒரு நாள்கூட இல்லை. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு இதற்கு ஏற்றபடி மாற நாட்கள் வேண்டும். ரோடு நன்றாக இருக்கிறது என்பதற்காக அது சீக்கிரம் மாறிவிடாது.

கின்னௌர் வழியில் ஏற்றம் படிப்படியாக வருகிறது. சிம்லா சுமார் 2,200, கல்பா சுமார் 2,900, தாபோ சுமார் 3,300. அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறாள். அவளுக்காகத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் எங்கள் எல்லோருக்குமே அதுதான் சரியாக இருந்தது. கல்பாவில் ஒரு நாள் சும்மா இருந்தோம். கின்னர் கைலாசச் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே நடந்ததைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. கல்பாவுக்கும் தாபோவுக்கும் நடுவில் நாக்கோ என்ற ஊர் வரும். ஏரி, பழைய கோயில்கள், கல் வீடுகள் எல்லாம் இருக்கும் அழகான இடம். ஆனால் அது தாபோவைவிட உயரம். அதனால் நாக்கோவில் மதியம் சாப்பிட்டு, ஏரியைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்துவிட்டு, தூங்குவதற்குத் தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். பகலில் உயரே போய், ராத்திரி அதைவிடத் தாழ்வான இடத்தில் படுப்பது மலையேறுகிறவர்கள் காலங்காலமாகக் கடைப்பிடிக்கிற முறை. இந்த வழியில் அது தானாகவே அமைகிறது.

தாபோவில் நாங்கள் தங்கிய வீட்டில், மணாலி பக்கமாக வந்த இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். காஸாவில் ஒரு பையனுக்குத் தலைவலி, வாந்தி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. டிரைவர் அனுபவஸ்தர். மேலே கீ மடத்துக்குப் போகிற திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, விடிந்ததும் அவனைத் தாபோவுக்கு இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அந்த டிரைவர் செய்ததுதான் முதல் மருந்து. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்கக்கூடாது, அந்த நேரமே கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார்கள். பயன் உண்டு, ஆனால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அக்காவின் டாக்டர் அவளுடைய மற்ற மாத்திரைகளையும் பார்த்த பிறகுதான் இதை எழுதிக் கொடுத்தார்.

சரி, இனி கோயில்.

தாபோ மடம் 996ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மேற்குத் திபெத்தில் கூகே நாட்டை ஆண்ட யேஷே ஓ என்ற அரசர் இதைக் கட்டினார். நம் பக்கத்தில் முதலாம் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த அதே காலம். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல் என்பதை நினைத்துக்கொண்டால் தாபோவின் வயது மனதில் பதியும். அங்கே கருங்கல், இங்கே பச்சை மண். திபெத்தில் பௌத்தம் நலிந்துபோயிருந்த ஒரு காலத்துக்குப் பிறகு அதை மறுபடி தழைக்க வைக்க யேஷே ஓ முனைந்தார். இளைஞர்களைப் படிக்கக் காஷ்மீருக்கு அனுப்பினார். அப்படிப் போனவர்களில் ரின்சென் சாங்போ பின்னாளில் பெரிய மொழிபெயர்ப்பாளர் ஆனார். சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்ததோடு, காஷ்மீரக் கலைஞர்களையும் கூட்டிவந்தார். நிறுவி 46 வருஷம் கழித்து, யேஷே ஓவின் சகோதரருடைய பேரன் ஜாங்சுப் ஓ கோயிலைப் புதுப்பித்தார். இந்தச் செய்தி கோயிலுக்குள்ளேயே சுவரில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே வழிபாடு நடக்கிறது, துறவிகள் வசிக்கிறார்கள்.

வளாகத்துக்குள் பல சிறு கோயில்கள் இருந்தாலும் நேரம் கொடுக்க வேண்டியது சுக்லாகாங் என்ற பிரதானக் கோயிலுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரையின் சில்லிப்பு காலுறையைத் தாண்டி எலும்புக்கு ஏறும். அதனால் தடித்த கம்பளிக் காலுறையாகப் போட்டுக்கொள்ளுங்கள். முன்கூடத்தைத் தாண்டிப் பெரிய கூடத்தில் காலை வைத்ததும் ஒன்றும் தெரியாது. வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே கூரையின் நடுவில் இருக்கும் திறப்பிலிருந்து விழும் கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ‘இருட்டா இருக்கு’ என்று திரும்பிவிடுகிறார்கள். எங்களுக்குத் திறந்துவிட்ட லாமா, அக்கா டார்ச்சைத் தேடிப் பையைத் துழாவுவதைப் பார்த்து, “மாதாஜி, முதலில் உட்காருங்கள்” என்று இந்தியில் சொன்னார். உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் சுவர்களிலிருந்து உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடத்தைச் சுற்றி 32 சுதைச் சிற்பங்கள். ஆள் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொன்றும் தாமரை இருக்கையோடு சுவரில் பொருத்தப்பட்டிருப்பதால், நம் தலைக்கு மேல் காற்றில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகின்றன. நடுவில், கூடத்தின் பின்பகுதியில், வைரோசன புத்தர் நான்கு உருவமாக, முதுகோடு முதுகு ஒட்டி, நான்கு திசையையும் பார்த்தபடி இருக்கிறார். புத்தர்களின் உலகத்தைக் காட்டும் வரைபடமாகத் தாளிலும் துணியிலும் வரைகிற மண்டலத்தை இங்கே ஒரு அறையாகவே கட்டியிருக்கிறார்கள். நடுவில் வைரோசனர், சுற்றிலும் மற்ற புத்தர்கள், போதிசத்துவர்கள், பூசைப் பொருள் ஏந்தும் தேவியர், வாசல் காவலர்கள். அதாவது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் மண்டலத்தை வெளியே நின்று பார்ப்பதில்லை, அதன் உள்ளே இருக்கிறார். இது விளங்கியதும் என் மனைவி டார்ச்சை அணைத்துவிட்டாள். “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம்” என்றாள்.

சிற்பங்களுக்குக் கீழே சுவர் முழுக்க ஓவியம். வாசலிலிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வலம் வர வேண்டும். பௌத்தக் கோயில் எதிலும், ஸ்தூபியையும் மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவரையும்கூட, வலமாகத்தான் சுற்ற வேண்டும். அப்படிப் போனால் தெற்குப் பக்கச் சுவரில் முதலில் சுதனன் கதை வரும், அப்புறம் வடக்குப் பக்கத்தில் புத்தரின் வாழ்க்கை. கண்டவியூக சூத்திரம் என்ற மகாயான நூலில் வருகிற வணிகர் மகன்தான் சுதனன். போதிசத்துவரான மஞ்சுசிறீ அவனைத் தெற்கே போகச் சொல்கிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒருவர் பின் ஒருவராகத் தேடிப் போகிறான். துறவிகள் மட்டுமில்லை, வணிகர், அரசர், சிறுவன், பெண்கள் எல்லோரும் அவனுக்கு ஆசிரியர்கள்.

தமிழ் வாசகர்கள் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. சுதனன் தெற்கே போகும் அந்த வழியில் இலங்கைக்குச் செல்லும் பாதையும் வருகிறது, அதன் பிறகு திராவிட நாடும் வருகிறது. அங்கே வஜ்ரபுரம் என்ற ஊரில் மேகன் என்ற திராவிடரிடம் பாடம் கேட்கிறான். மேகன் எழுத்துகளையும் மொழிகளையும் கற்பிக்கிறவர். பெரிய கூட்டத்துக்கு நடுவே ஆசனத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். இந்த இளைஞன் ஞானத்தைத் தேடி மனதில் உறுதி எடுத்தவன் என்று தெரிந்ததும், ஆசிரியரான அவர் ஆசனத்தைவிட்டு இறங்கி மாணவன் காலில் விழுகிறார். பனிமலைக்கு நடுவே, மழையே அரிதான ஒரு பள்ளத்தாக்கின் மண் சுவரில், தெற்கு நோக்கிப் போகிற ஒரு பயணம் வரையப்பட்டிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய நெகிழ்ச்சியாக இருந்தது. கண்டவியூகத்தின் கதைச் சுருக்கத்தையாவது படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் அது பழைய ஓவியம். படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு கட்டமாக நின்று அவனோடு போகலாம். காட்சிகளை ஒட்டி திபெத்திய எழுத்தில் விளக்கங்களும் இருக்கின்றன.

டார்ச் பிடிப்பதையும் அந்த லாமாதான் சொல்லிக்கொடுத்தார். ஓவியத்துக்கு நேராக அடித்தால் வெளிச்சம் பட்டுத் தெறித்து நிறமே தெரியாது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டிலிருந்து, குறைந்த வெளிச்சத்தில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியபோது தூரிகைக் கோடு தெரிந்தது, மண் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன, ஒரு ஆடையின் கரையில் போட்டிருந்த கட்டம் கட்டமான பூவேலை தெரிந்தது. கூடவே, கூரையிலிருந்து ஒழுகிய மழைநீர் ஓவியத்தின் மேல் பழுப்பாக வடிந்த தடங்களும் தெரிந்தன. சிறிய டார்ச், வெளிச்சத்தைக் குறைக்கிற வசதியோடு ஒன்று கையில் இருக்கட்டும். போன் ஃபிளாஷ் வேண்டாம். போனை எடுத்தாலே படம் எடுக்கத்தான் என்று நினைப்பார்கள், அந்த விஷயத்தில் அவர்கள் கண்டிப்பு. இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் இன்னும் நிறம் மிச்சம் இருக்கிறது. சுவரைத் தொடாதீர்கள், முதுகுப்பையை வெளியிலேயே வைத்துவிடுங்கள். வலம் வரும் பாதை குறுகல், பை உரசினால் உரிவது ஆயிரம் வருஷத்து மண்.

அந்த ஒழுகல் தடங்கள்தான் இன்றைய தாபோவின் பெரிய கவலை. ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம். மரச் சட்டம், அதன் மேல் குச்சிகள், அதற்கு மேல் மிதித்துக் கெட்டித்த மண், இதுதான் அங்கே கூரை. பனிக்கு அது தாங்கும். விழுந்த பனியை அப்படியே தள்ளிவிடலாம். தொடர்ந்து பெய்கிற மழைக்குத் தாங்காது. இப்போது முன்னைவிட மழை கூடியிருக்கிறது என்று ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 1975 ஜனவரியில் கின்னௌரில் வந்த நிலநடுக்கமும் இந்த மடத்தைப் பாதித்தது. அதன் பிறகுதான் பக்கத்தில் புதிய வழிபாட்டுக் கூடம் எழுந்தது. 1983இலும், ஆயிரமாவது ஆண்டான 1996இலும் தலாய் லாமா தாபோவுக்கு வந்து காலசக்கரம் என்ற தாந்திரிக பௌத்த தீட்சை கொடுத்தார். பழைய கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

காலைப் பிரார்த்தனை அந்தப் புதிய கூடத்தில் நடக்கிறது. நேரத்தை முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொண்டு, தொடங்குவதற்கு முன்பே போய் ஓரமாக உட்காருங்கள். தொப்பியைக் கழற்ற வேண்டும், சன்னதிப் பக்கம் காலை நீட்டக்கூடாது. நடுவில் சின்ன லாமாக்கள் கெட்டிலோடு வந்து தேநீர் ஊற்றுவார்கள். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடித்தால் அந்தக் குளிருக்கு அமிர்தம். அக்கா இரண்டாவது தரமும் வாங்கிக்கொண்டாள். உதடு வெடிக்கிற அந்த வறண்ட காற்றில் கொழுப்பும் உப்பும் உடம்புக்கு எவ்வளவு தேவை என்பது குடித்தால்தான் தெரியும்.

பிரார்த்தனை முடிந்ததும் திரும்பவும் பழைய கோயிலுக்குப் போனோம். முதல் நாள் கண்ணில் படாத பல காட்சிகள் அன்று தெரிந்தன. காலை வெளிச்சம் வேறு கோணத்தில் விழுவது ஒரு காரணம். நாம் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடுவது இன்னொரு காரணம். மதியத்துக்கு மேல் ஊருக்கு வடக்கே மலைச்சரிவில் இருக்கும் குகைகளுக்கு ஏறலாம். துறவிகள் குளிர்காலத்தில் தியானம் செய்த இடங்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் மூச்சு வாங்கும். பத்தடிக்கு ஒரு தடவை நின்று ஏறுவதில் எந்தத் தப்பும் இல்லை.

சாப்பாட்டுக்குச் சைவர்கள் பயப்பட வேண்டாம். சோறும் பருப்பும், ராஜ்மா, காய்கறி துக்பா என்ற நூடுல்ஸ் சூப், ஆவியில் வெந்த திங்மோ ரொட்டி எல்லாம் கிடைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும் என்பதால் எதையும் பிரஷர் குக்கரில்தான் வேகவைக்கிறார்கள். நேரம் ஆகும், பசி வருவதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். தண்ணீர் தாகம் எடுக்காமலே குடித்துக்கொண்டிருக்க வேண்டும். உதட்டுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள், வறட்சியில் மூக்கில் ரத்தம் வருவது அங்கே சகஜம். பணம் ரொக்கமாகக் கொண்டுபோங்கள், நெட்வொர்க் போனால் போனில் பணம் அனுப்ப முடியாது. கின்னௌர் மாவட்டத்தின் தலைநகரான ரெக்காங் பியோவிலேயே பணமும் பெட்ரோலும் நிரப்பிக்கொள்வது நல்லது.

மாதம் செப்டம்பர் என்றால் ரொம்ப நல்லது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஸ்பிதி காய்ந்திருந்தாலும் வழியில் கின்னௌரில் மழை, மண்சரிவு. எந்த மாதமானாலும் கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோடு அடைத்தால் திட்டம் உடையாமல் இருக்க அதுதான் உதவும். இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தங்கள், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா எதுவானாலும், கின்னௌர் வழியாகத் தாபோவுக்குப் போக எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சிம்லாவிலும் ரெக்காங் பியோவிலும் காஸாவிலும் தருகிறார்கள். அலுவலக நாளில் போய்ச் சேர்வதுபோல் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாபோவுக்குப் பிறகு தன்கர், அதற்குப் பிறகு காஸா, கீ என்று உயரம் படிப்படியாகக் கூடும். தன்கரின் பழைய மடம் ஆற்றுக்கு மேல் அரித்துப்போன மண் முகட்டில் நிற்கிறது. அங்கே ஒரே நேரத்தில் நிறையப் பேர் ஏறக்கூடாது என்பதால் கூட்டம் குறையும் வரை பொறுமையாக வெளியே நில்லுங்கள். கீ மடம் 4,100 மீட்டருக்கு மேல். இந்த வரிசையில் போனதால் அக்கா அங்கே படியேறி மேல் மாடி வரை வந்தாள். திரும்புவதற்குக் குன்சும், மணாலி வழியை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், கணவாயைத் தாண்டியதும் இறக்கம்தான். கணவாய் திறந்திருக்கிறதா என்று காஸாவில் டிரைவர்களிடம் முந்தைய நாள் சாயங்காலமே கேட்டுக்கொள்ளுங்கள்.